குவாட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி: வெற்றியா, கணக்கா?

அமெரிக்கன் புட்போலின் இறுதியாட்டமான சுப்பர் போல் யாழ்ப்பாண நேரப்படி திங்கள் விடிய 5 மணியளவில் தொடங்கும். பந்தை எறிந்து அணியை நடத்தும் குவாட்டர்பேக்கை எடைபோட, கொப்பியும் பேனையும் எடுத்து வையுங்கள்.

அவர் எறிந்த யார்டுகளோடு, எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்த எறிதல் (டச்டவுன்) ஒவ்வொன்றுக்கும் 20 கூட்டுங்கள். எறிந்த பந்தை எதிரணி பிடித்த (இன்டர்செப்ஷன்) ஒவ்வொரு தடவைக்கும் 45ஐயும், எறிய முன்னமே அவரை எதிரணி வீழ்த்தியதில் (சாக்) இழந்த யார்டுகளையும் கழியுங்கள். மிச்சத்தை எறிதல்களும் சாக்குகளும் சேர்ந்த தொகையால் பிரியுங்கள். மொத்த யார்டை விட இந்த எண்தான் ஆளைக் காட்டும்.

சக வீரரின் கையில் பட்டுத் தெறித்த பந்தை எதிரணி பிடித்தாலும் பழி எறிந்தவர் பெயரில்தான் விழும். அதற்குப் பக்கத்தில் அடையாளமாக ஒரு குறி போடுங்கள். பெரிய இடைவெளியில் தோற்கும்போது கடைசியில் சேரும் யார்டுகளைத் தனியாக எழுதுங்கள். எதிரணி அப்போது பின்னுக்கு நின்று சின்ன எறிதல்களை விட்டுவிடும்.

வெற்றியைப் பிறகு பாருங்கள். 2000 பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் 16 ஆட்டங்களில் எதிரணிகளுக்கு 165 புள்ளிகளே கொடுத்தது. சுப்பர் போலை 34–7 என வென்ற அன்று அதன் குவாட்டர்பேக் ட்ரென்ட் டில்பரின் 25 எறிதல்களில் 12தான் சக வீரரிடம் சேர்ந்தன. அந்தக் கிண்ணம் தடுப்பாட்டக்காரருடையது. 1984இல் 5084 யார்ட் எறிந்த குவாட்டர்பேக் டான் மரினோ ஒருநாளும் சுப்பர் போல் வெல்லவில்லை. அவரைக் குறைத்துக் கதைப்பது அநியாயம். யாழ்ப்பாணப் பாடசாலைகளின் கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெரும் போரில் தோற்ற அணியின் சதத்தை ஆரும் அழிப்பதில்லையே.

கடைசி இரண்டு நிமிடத்தில் பின்தங்கி நின்று, தானே எறிந்து மீட்ட ஆட்டங்களை மட்டும் குவாட்டர்பேக்கின் கணக்கில் வெற்றியாக எழுதுங்கள்.