மரம் ஏறி அறுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஏறும் முன் கயிற்றை முழு நீளமும் கையுறை இல்லாமல் விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். எங்காவது மெலிந்தோ விறைத்தோ, பஞ்சு பஞ்சாகப் பிரிந்தோ இருந்தால் அதில் ஏறவே வேண்டாம். மேலே செயின்சாவை, அதாவது சங்கிலி ரம்பத்தை, முடுக்கும் முன் ஏறுகயிற்றோடு இடுப்பில் இன்னொரு பிடிப்பும் மாட்டியிருக்க வேண்டும், முடிந்தால் உள்ளே எஃகுக் கம்பி வைத்த கயிறாக, ஏனென்றால் ஓடும் சங்கிலி சாதாரணக் கயிற்றை நொடியில் அறுத்துவிடும். செயின்சாவை எப்போதும் இரண்டு கையாலும் பிடியுங்கள். கனமான கிளை என்றால் முதலில் கீழ்ப்பக்கமிருந்து கால்வாசி அறுங்கள், அப்புறம் கிளை நுனிப் பக்கமாகச் சற்றுத் தள்ளி மேலிருந்து. இல்லாவிட்டால் பட்டை தண்டுவரை கிழிந்து மரத்துக்கு ஆறாத காயமாகிவிடும். கீழே நிற்பவர் உங்களை இறக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். கூலி பேசும்போதே வெட்டிய கிளைகளை யார் அப்புறப்படுத்துவது என்று கேட்டுவிடுங்கள், நேரம் அதில்தான் நிறையப் போகிறது.