முதுகுத் துடுப்பைக் கொண்டு ஓங்கல்களைத் தனித்தனியே அடையாளம் காணும் முறை

குமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணம் முதல் நீரோடி வரையிலும், கேரள எல்லைக்கு அப்பால் பொழியூர், விழிஞ்ஞம் வரையிலும் வாழும் கடலோர மக்களுக்கு ஓங்கல்கள் புதியவை அல்ல. கூட்டமாகப் பார்க்கும்போது ஒன்றுபோலவே தோன்றும் இந்த டால்பின்களைத் தனித்தனியே பிரித்து அறிய அவற்றைப் பிடிக்கவோ அவற்றின் உடலில் குறியிடவோ வேண்டியதில்லை. மூச்சு வாங்க மேலே வரும் ஓரிரு நொடிகளில் தெரியும் முதுகுத் துடுப்பை ஒழுங்காகப் படம் எடுத்தால் போதும். 1970களில் அர்ஜென்டினா கடலோரத்தில் ஆய்வாளர்களான வுர்சிக் தம்பதியர் இம்முறையைக் கையாண்டு, அதன் முடிவுகளை 1977இல் வெளியிட்டனர்.

முதலில், எதைப் பார்க்க வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். துடுப்பின் பின்விளிம்பு மெல்லியது. மற்ற ஓங்கல்களின் கடி, சுறாவின் தாக்குதல், வலைநூல், படகின் விசிறி ஆகியவற்றால் அது எளிதில் கிழியும்; கிழிந்த சதை பழையபடி வளர்வதில்லை. ஆட்டுக்காரர்கள் தம் ஆடுகளின் காதில் இடும் அடையாள வெட்டைப் போல, அந்தப் பிளவு கடைசிவரை நிலைத்திருக்கும். மாறாக, தோலின் மேல் இணைகோடுகளாகத் தெரியும் பற்கீறல்கள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால் அவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. நம் கரையோரம் வரும் கூன்முதுகு ஓங்கல்களுக்குத் துடுப்பின் அடியில் நீண்ட மேடு ஒன்று உண்டு. அதன் மேலுள்ள வெட்டுகளையும் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது படம் எடுப்பது. இங்கே கடல் தென்மேற்கில் இருப்பதால், கரையிலோ, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கற்களால் கட்டிய தூண்டில் வளைவின் மேலோ நின்று எடுப்பவருக்குக் காலை வெயில் முதுகுப்புறமாக விழும். அதுவே நல்ல நேரம். தொலைவை நெருக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டும். ஷட்டர் வேகம் 1/1000 நொடியோ அதற்கும் விரைவாகவோ இருக்கட்டும். துடுப்பு உங்களுக்கு நேர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும்போது தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள், ஏனெனில் சாய்ந்த கோணத்தில் ஆழமான வெட்டும் மறைந்துபோகும். வள்ளத்தில் சென்றால் துரத்தாதீர்கள், கூட்டத்தின் குறுக்கே போகாதீர்கள். ஓங்கல்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்றவை.

வீடு திரும்பியதும் மங்கலானவற்றையும் நீர்த்துளி மறைத்தவற்றையும் தயங்காமல் ஒதுக்குங்கள்.

இனி ஒப்பிடும் வேலை. பொறுமை வேண்டியது இங்கேதான். துடுப்பை மனத்தளவில் மேல், நடு, அடி என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை வெட்டுகள், எவ்வளவு ஆழம், ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்று எழுதுங்கள். ‘நுனிக்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்து இரண்டு சிறு பிளவுகள், அடியில் பிறைவடிவில் ஓர் ஆழ்ந்த வெட்டு’ என்பது போன்ற குறிப்பு, பல மாதங்களுக்குப் பின் வரும் படத்தையும் சரிபார்க்க உதவும். பின்விளிம்பின் வெட்டுகள் இரு பக்கத்திலிருந்தும் தெரியும், ஆனால் இடவலம் மாறித் தெரியும். தோலின் கீறலோ ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது. ஆகவே இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைப் படத்தோடு குறிப்பது கட்டாயம். புதிய வெட்டு கூடுதலாக இருக்கலாம். பழைய வெட்டு காணாமல் போயிருந்தால் அது வேறு ஓங்கல் என்றே முதலில் ஐயுற வேண்டும். இரண்டை ஒன்றாகக் கருதினால் எண்ணிக்கை குறையும், ஒன்றையே இரண்டாகப் பதிந்தால் கூடும் என்பதால், இன்னொருவரும் தனியாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கன்றுகளின் துடுப்பில் பெரும்பாலும் வெட்டே இராது. அவற்றை, எந்தத் தாயை ஒட்டி நீந்துகின்றன என்பதைக் கொண்டே தற்காலிகமாகக் குறிக்க முடியும்.

இப்பணியின் பயன் நாள்பட்டுத்தான் தெரியும். 1970இல் அமெரிக்காவின் சரசோட்டா விரிகுடாவில் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. அங்கே நிக்லோ என்ற பெண் டால்பின் 67 வயது வரை வாழ்ந்ததை அறிய முடிந்திருக்கிறது.

கடைசியாக, ஒவ்வோர் ஓங்கலுக்கும் ஓர் எண் கொடுத்து, நாள், இடம், பக்கம், உடனிருந்தவை ஆகியவற்றைப் பதியுங்கள். ஓங்கல்களுக்கு மாநில எல்லை கிடையாது. எனவே பொழியூர்ப் பக்கம் படம் எடுப்பவர்களுக்கும் புரியும்படி, இரு கரையினரும் ஒரே எண்வரிசையைப் பயன்படுத்துவது சிறந்தது.