‘திருடன்’ என்று எழுதுவதற்கு முன்னால்: பாரசீக மொழி பேசுவோருக்கு ஆங்கிலக் குற்றச்சாட்டுச் சொற்களைக் கற்றுத்தரும் முறை

ஈரான், ஆப்கானிஸ்தான் மாணவர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். செய்தி ஒன்றைப் படித்துச் சுருக்கி எழுதுங்கள் என்று சொன்னால், ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஹெராத் நகரைச் சேர்ந்த மாணவி ஒருவர் தன் நோட்டைக் கேமராவின் முன் பிடித்துக் காட்டினார். செய்தியில் இருந்தது ‘அலெஜ்டு தீஃப்’, அதாவது திருடியதாகக் கூறப்படுபவர். அவர் எழுதியிருந்தது வெறும் ‘தீஃப்’, திருடன். அந்த முதல் சொல் எங்கே என்று கேட்டேன். “அகராதியில் பார்த்தேன், பொருத்தமாக எதுவும் கிடைக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்” என்றார்.

அவர் விட்டது ஒரே ஒரு சொல். ஆனால் அது போனதும், விசாரணையே முடியாத ஒரு மனிதர் திருடராகிவிட்டார். அன்றிலிருந்து இந்தச் சொற்களை நான் தனிப் பாடமாகவே நடத்துகிறேன். இப்படிக் கற்பிக்கத் தொடங்கும் தமிழ் நண்பர்களுக்காக அந்தப் பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

படி 1: அகராதியை மூடிவிட்டு ‘ஆம்’ விகுதியிலிருந்து தொடங்குங்கள்

‘திருடினான்’ என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். ‘திருடினானாம்’ என்றால் காதில் விழுந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். ஒற்றை விகுதியில் பொறுப்பு கைமாறிவிடுகிறது. இது நம் மொழியில் இருப்பதால், இந்த மாணவர்களின் சிக்கல் நமக்கு எளிதில் பிடிபடும்.

பாரசீகத்திலும் இதற்கு வழி உண்டு. ‘தொஸ்தீத்’ என்றால் திருடினான். ‘தொஸ்தீதே அஸ்த்’ என்றால் திருடியிருக்கிறான். இந்த இரண்டாவது வடிவத்தைத் தாம் நேரில் பார்க்காததைச் சொல்வதற்கும் பயன்படுத்துகிறார்கள். தாஜிகிஸ்தானில் பேசும் பாரசீகமான தாஜிக் வழக்கில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. முன்னால் ‘கூயா’ என்ற சொல்லைச் சேர்த்தால் ஐயமே இல்லை, அது நம்முடைய ‘ஆம்’தான்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. மாணவர் மனத்தில் ‘தொஸ்தீதே அஸ்த்’ என்று நினைத்து, ஆங்கிலத்தில் ‘ஹி ஹேஸ் ஸ்டோலன்’ என்று எழுதுகிறார். வடிவத்துக்கு வடிவம் சரி. ஆனால் அந்த ஆங்கில வாக்கியத்தில் கேள்விப்பட்டது என்ற சாயல் துளியும் கிடையாது, அது அடித்துச் சொல்வது. ஆங்கில வினைச்சொல்லில் ‘ஆம்’ ஒட்டாது, அதற்குத் தனிச்சொல் வைத்தே ஆக வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: ஒரே கதையை ஆறு நிலைகளில் நடத்துங்கள்

சொற்பட்டியல் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். நான் ஒரு கற்பனைக் கதை சொல்வேன். இடம் ஈரானில் ஷிராஸ் நகரின் வகீல் பஜார். (நம் ‘வக்கீல்’ இதே சொல்தான். 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட கரீம் கான் ஸந்த் தன்னை மக்களின் வகீல், அதாவது பிரதிநிதி, என்று அழைத்துக்கொண்டார். பஜாரின் பெயர் அவரிடமிருந்து வந்தது.) அங்கே ஒரு கடையில் சிறு கம்பளம் ஒன்று காணாமல் போகிறது.

பக்கத்துக் கடைகளில் பேச்சு கிளம்புகிறது: வேலைக்காரப் பையன்தான் எடுத்தானாம். இது ‘ரூமர்’. பாரசீகத்தில் ‘ஷாயெஎ’. யார் சொன்னது என்றே தெரியாது.

கடைக்காரருக்கும் மனத்தில் ஐயம் எழுகிறது. இப்போது ‘சஸ்பெக்ட்’. சந்தேகத்துக்கு உள்ளானவர் ‘மஸ்நூன்’.

அந்தப் பையனே கொண்டுபோனதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒருவர் வந்து சொல்கிறார். இது ‘கிளெய்ம்’, பாரசீகத்தில் ‘எத்தெஆ’. சொன்னவர் இருக்கிறார், ஆதாரம் இல்லை. கோர்ட் வழக்கைக் குறிக்க நாம் சொல்லும் ‘தாவா’வும் இந்த ‘எத்தெஆ’வும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. இதை மாணவர்களிடம் சொன்னால் முகம் மலர்ந்துவிடுகிறது, பிறகு சொல்லும் மறப்பதில்லை.

கடைக்காரர் பையனை நேருக்கு நேர் பார்த்து நீதான் எடுத்தாய் என்கிறார். இது ‘அக்யூஸ்’. இதன் பெயர்ச்சொல்லுக்கு ‘எத்தெஹாம்’, அதற்கு ஆளானவர் ‘மொத்தஹம்’. அதே வேரிலிருந்து வந்த ‘தொஹ்மத்’ என்பது வீண்பழி. இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். அக்யூஸ் செய்பவர் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை.

அரசு வழக்குத் தொடுத்து முறைப்படி குற்றம் சாட்டுகிறது. இது ‘சார்ஜ்’. இந்தச் சொல்லில் கவனமாக இருங்கள். பாரசீகத்தில் ‘ஷார்ஜ்’ என்றால் கைபேசிக்கு மின்னேற்றுவது, பிரெஞ்சு வழியாக வந்தது. ‘சார்ஜ்டு’ என்று படித்தவுடன் பேட்டரிதான் அவர்கள் நினைவுக்கு வரும். குற்றப்பத்திரிகையைக் குறிக்கும் ‘கெய்ஃபர்காஸ்த்’ என்ற சொல்லை உடனே எடுத்துக் கொடுங்கள்.

கடைசியாகத் தீர்ப்பு வருகிறது. குற்றம் நிரூபணமானால் ‘கன்விக்டட்’, ‘மஹ்கூம்’. இதற்குப் பிறகுதான் ‘தீஃப்’ என்று எழுதலாம். ஈரானிய அரசியல் சாசனத்தின் 37ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகும்வரை எவரும் குற்றவாளியல்லர். ‘அஸ்லெ பராஅத்’ என்ற அதன் பெயரைச் சொன்னாலே பெரியவர்களான மாணவர்கள் தலையசைப்பார்கள். கருத்து அவர்களுக்குப் புதிதல்ல. அதை ஆங்கிலத்தில் எந்தச் சொல் காக்கிறது என்பது மட்டும்தான் புதிது.

இந்த ஆறில் ‘அலெஜ்’ எங்கே என்று கேட்பார்கள். ஒருவர் தவறு செய்ததாக, இன்னும் நிரூபணமாகாத நிலையில், சொல்வதுதான் அலெஜ். இதற்கென்று தனிச்சொல் தேடினால் பாரசீகத்தில் எத்தெஆவோ எத்தெஹாமோதான் வந்து நிற்கும். ஆகவே மொழிபெயர்க்க முயலாதீர்கள். ‘கிளெய்ம்’ நல்லதற்கும் வரும்: இது நூறு வருடப் பழைய கம்பளம் என்று கடைக்காரர் கிளெய்ம் செய்யலாம். ‘அலெஜ்’ பெரும்பாலும் தவற்றைப் பற்றியதாகவே இருக்கும். நம் நாளிதழ்களில் வரும் ‘திருடியதாகக் கூறப்படுகிறது’ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பின்னால் வரும் சிறு சொல்

பாரசீகத்தில் ‘மொத்தஹம்’ என்பதை அடுத்து ‘பெ’ வரும், அதாவது ஆங்கில ‘டு’. அதனால் ‘அக்யூஸ்டு டு தெஃப்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். இதைத் திருத்தித் திருத்தியே என் சிவப்பு மை தீர்ந்திருக்கிறது. அக்யூஸ் என்றால் ‘ஆஃப்’. சஸ்பெக்ட் என்றாலும் ‘ஆஃப்’. சார்ஜ் என்றால் ‘வித்’. பழி போடுவதான ‘பிளேம்’ என்றால் ‘ஃபார்’. விதி தேடிப் பயனில்லை, சொல்லோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

அலெஜ் வேறு வகை. ‘தே அலெஜ்டு ஹிம்’ என்று ஆளைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. ‘தே அலெஜ் தட் ஹி ஸ்டோல் இட்’ என்று முழு வாக்கியம் வேண்டும். அல்லது ‘ஹி இஸ் அலெஜ்டு டு ஹேவ் ஸ்டோலன் இட்’ என்று திருப்பிப் போடலாம்.

படி 4: சாயல் காட்டும் சொற்கள்

‘ரிப்போர்டட்லி’ என்றால் செய்திகள் அப்படிச் சொல்கின்றன, நல்லதோ கெட்டதோ. ‘அலெஜிட்லி’ குற்றத்துக்கு. ‘அப்பேரன்ட்லி’ பேச்சு வழக்கில் நம் ‘ஆம்’க்கு மிக நெருக்கம்.

‘சோ-கால்டு’ என்பதை மட்டும் எச்சரித்துக் கொடுங்கள். பாரசீகத்தில் ‘பெ எஸ்தெலாஹ்’, அதாவது ‘என்று சொல்லப்படுகிற’, என்பதைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள், அதே கையோடு ஆங்கிலத்திலும் எழுதிவிடுவார்கள். ஆனால் ‘சோ-கால்டு விட்னஸ்’ என்றால் அவர் சாட்சியே இல்லை, நான் நம்பவில்லை என்ற ஏளனம் வந்துவிடும். அதை எழுதியவர் நினைத்திருக்கவே மாட்டார்.

மறுப்பதிலும் இப்படி ஒரு குழி உண்டு. ‘தக்ஸீப் கர்தன்’ என்பதற்கு ‘டினை’ சரி: இல்லை என்கிறார், அவ்வளவே. கவனமான எழுத்தில் ‘ரிஃப்யூட்’ என்றால் பொய் என்று நிரூபித்தேவிட்டார்.

படி 5: வாயில் வரும் ஒலி

அலெஜ் என்பதில் ‘ஜ்’. பெயர்ச்சொல்லான ‘அலெகேஷன்’ என்பதில் ‘கே’. ‘அலெஜ்டு’ இரண்டு அசை, ‘அலெஜிட்லி’யில் நடுவே ஓர் அசை கூடுகிறது. ‘சஸ்பெக்ட்’ பெயராக வந்தால் அழுத்தம் முதல் அசையில், வினையாக வந்தால் இரண்டாவதில். பாரசீகப் பெயர்ச்சொற்களில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால், இரண்டையும் வினை போலவே உச்சரிப்பார்கள். அவதூறான ‘ஸ்லாண்டர்’ என்பதை ‘எஸ்லாண்டர்’ என்பார்கள். நம் ஊரில் ‘இஸ்கூல்’ என்று சொல்வதைப் போலத்தான், பொறுமையாகத் திருத்துங்கள்.

படி 6: பயிற்சி

கம்பளக் கதையை அரைப்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ‘இதை யார் சொன்னது?’ என்று தாய்மொழியில் குறிக்க வேண்டும். பதில் இல்லாத வாக்கியத்தைத் திருத்த வேண்டும். இந்த ஒரு கேள்வி, பத்து இலக்கண விதிகள் செய்யாத வேலையைச் செய்கிறது.

அந்த ஹெராத் மாணவி இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பக்கத்தை அனுப்பினார். ‘தீஃப்’ எங்கும் இல்லை. அதற்குப் பதிலாக ‘எ மேன் அக்யூஸ்டு ஆஃப் தெஃப்ட்’ என்று இருந்தது. பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல்: ‘கூயா’.