கடற்கரைக்கு உதவப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. தென்சென்னையில் ஒரு குப்பத்தை ஒட்டிய மணலில் நாற்பது பேர், கையில் உறையும் கறுப்புப் பையுமாகக் குனிந்து பொறுக்கினோம். ஒன்றரை மணி நேரத்தில் பதினெட்டு மூட்டை. குழுவாகப் படம் எடுக்க நின்றபோது ஒரு பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். யாரையும் எதுவும் கேட்காமல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஏழாவதில் கிடைத்தது. "தம்பி, இது குப்பை இல்லப்பா. நண்டு வலை. நேத்து கல்லுல மாட்டி அறுந்துச்சு, இன்னிக்கு உக்காந்து பின்னணும்."

அதை மூட்டைக்குள் போட்டவன் நான்தான். கடலைக் காக்கக் கிளம்புகிற நகரத்து ஆட்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஜாதியைச் சேர்ந்தவை: ஆள் இல்லாத இடம் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் வீட்டு முற்றத்தில் இறங்கிவிடுவது. வலை காய்கிற மணல், கருவாடு காய்கிற மணல், கரைவலை இழுக்கிற இடமான பாடு எல்லாமே வெளியாள் கண்ணுக்கு வெறும் பீச். போவதற்கு முந்தின நாள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் ஓடி வந்திருக்க வேண்டியதில்லை.

அன்றைக்கே இன்னொரு காரியமும் செய்தோம். மணல்மேட்டில் படர்ந்திருந்த கொடியைக் களை என்று பிடுங்கி எறிந்தோம். அது அடப்பங்கொடி, சங்கப் பாட்டில் அடும்பு என்று வருவது. அதுவும் ராவணன் மீசைப் புல்லும்தான் காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. மேடு கரைந்தால் புயல் நாளில் அலைக்கு முதலில் கிடைப்பது குடிசை. பிளாஸ்டிக்கை எடுங்கள், செடியை விட்டுவிடுங்கள். பொக்லைன் விட்டு மணலைச் சீவிச் சமப்படுத்துவதைச் சுத்தம் என்று கொண்டாடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

ஆமை விஷயத்தில் ஆர்வம்தான் முதல் ஆபத்து. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. 1988 முதல் சென்னையில் மாணவர்கள் இரவு இரவாக நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அவர்களோடு நடந்தால் முதலில் சொல்வது: டார்ச் அடிக்காதே, செல்போனை உள்ளே வை. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ எந்தப் பக்கம் பிரகாசமோ அதுதான் கடல் என்று நம்பி, தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு வந்துவிடும்.

தனியாகப் போகிறவர் கண்ணில் ஒரு கூடு பட்டால் கை அரிக்கும். நாய் தின்றுவிடுமே, வேறு இடத்தில் புதைத்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு முட்டை ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் அது செத்துவிடும், வெளியில் பார்த்தால் தெரியவும் தெரியாது. அனுமதியோடு எடுத்து வைப்பவர்கள் நேரம் பார்த்து, அசைக்காமல், தாய் தோண்டிய ஆழத்துக்கே குழி தோண்டி வைக்கிறார்கள். பங்குனி ஆமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பது. அனுமதி இல்லாமல் முட்டையைத் தொட்டாலே வழக்கு. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை நாயைத் துரத்திக்கொண்டு நில்லுங்கள். அதுவே பெரிய உதவி.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. உடனே மொத்தப் பழியும் மீனவர்கள் என்ற ஒற்றைச் சொல்மேல் விழுந்தது. ஆமை காற்றைச் சுவாசிக்கிற பிராணி. விசைப்படகு மணிக்கணக்கில் இழுத்துப்போகும் டிராலர் வலையின் மடிக்குள் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகிறது. கரையோரக் கடலை ஃபைபர் போட் போன்ற நாட்டுப் படகுகளுக்கு விட்டுவிட்டு விசைப்படகுகள் வெளியேதான் தொழில் செய்ய வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்தே வரும் ஏற்பாடு. அதை மீறினால் ஆமையோடு ஃபைபர் போட்காரரின் வலையும் சேர்ந்து அறுபடும். யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் திட்டினால், கூட நிற்க வேண்டிய ஆளையே எதிரில் நிறுத்திவிடுகிறோம்.

கரை ஒதுங்கிய திமிங்கலத்தை எல்லோரும் சேர்ந்து கடலுக்குள் தள்ளுவதும் ஆர்வத்தில் செய்யும் தவறுதான். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். சில மறுபடியும் கரைக்கே வந்தன. அவர்கள் செய்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கால்நடை மருத்துவர் வரும்வரை முதுகில் ஈரத் துணி போட்டு, மூச்சுத்துளையில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு, வால் பிடித்து இழுக்காமல், கூட்டத்தை விலக்குவதுதான் நம்மால் ஆன வேலை.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. தார்போல் கெட்டியான எண்ணெய் கரையில் ஒதுங்கியதும் நூற்றுக்கணக்கானவர்கள் வாளியும் கையுமாக இறங்கி அள்ளினார்கள். பல பேர் கையில் உறைகூட இல்லை. அந்தப் படங்கள் பெருமையாகச் சுற்றின. எனக்கு அவை இன்றைக்கும் பயத்தையே தருகின்றன. கப்பல் எரிபொருளில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் விஷங்கள் உண்டு. பூட்ஸ், முகக்கவசம், எண்ணெய்க்குத் தாங்கும் கையுறை தராமல் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அள்ளியதை எங்கே கொட்டப்போகிறார்கள் என்றும் கேளுங்கள்.

எண்ணெய்க் கசிவில் பொதுமக்களால் அள்ளுவதைவிட நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: பதிவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தபோது அரசு அறிவித்த நிவாரணத்தில் 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று கணக்கு இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் பணம். முகத்துவாரச் சேற்றில் இறங்கி, பறி என்ற கூடையை வாயில் கவ்விக்கொண்டு கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் படகு எண் கிடையாது. யார் எங்கே என்ன தொழில் செய்கிறார்கள் என்பதைத் தேதியோடு எழுதிவைக்க ஒரு நோட்டுப் போதும், அதுவும் விபத்துக்கு முன்னாலேயே.

அடுத்தது கருத்துக் கேட்புக் கூட்டம். துறைமுகமோ அனல் மின்நிலையமோ வரப்போகிறது என்றால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்த வேண்டும். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்குவார். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, கோபத்தில் மொத்த ஊரும் வெளிநடப்புச் செய்வது. இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. நாம் எழுந்து போனபின் பத்து நாற்காலியில் ஆள் இருந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் எழுதப்படும். கிளப்பாத ஆட்சேபணை கூட்டக் குறிப்பில் ஏறாது.

இன்னொன்று, முழங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புவது. கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் விளக்கி வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை உட்கார்ந்து, நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். பேசியதையே எழுத்திலும் இரண்டு படியாகக் கொண்டுபோய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 'எங்கள் வாழ்வாதாரத்தை அழிக்காதே' என்பது உணர்ச்சி. 'திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் இந்தப் பக்கத்தில் இங்கே மீன்பிடிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறது, நாங்கள் இருபது கரைவலை இழுக்கிறோம்' என்பது பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி. திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கப்புறம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும்.

கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அடுத்த பல ஆண்டுகளுக்கு எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பது அந்தத் தாளில்தான் முடிவாகிறது. 1:25,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி மக்கள் நெருக்கமான ஊர்ப்புறக் கரையில் கட்டடம் கூடாத 50 மீட்டர் பட்டை அதில் இரண்டு மில்லிமீட்டர் கோடு. அப்படி ஒரு படத்தை ஒரு குப்பத்துக்கு எடுத்துப்போய் விரித்தோம். மீன் விற்கிற ஓர் அம்மா கருவாடு காயப்போடும் இடத்தைத் தேடி விரலை வைத்தார். விரலுக்கடியில் ஊரே மறைந்துவிட்டது. "இதுல எங்கே எங்க எடம்?" என்று எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். கடைசியில் சர்வே எண்ணோடு இருக்கும் கிராமப் படத்தை வாங்கி வந்து, அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்தோம்: படகு ஏற்றுகிற இடம், வலை பின்னுகிற மரத்தடி, ஏலம் போடுகிற திட்டு, கருவாட்டு மணல். குறித்து முடிக்க இரண்டு மாலை ஆனது.