ட்ரைபல் பெல்லி டான்ஸ்: புதிதாகத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரைபல் பெல்லி டான்ஸ் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர், வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று வீடியோ பார்த்து நாலைந்து அசைவுகளைப் பழகிவிட்டுத்தான் வருகிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, “இவரைப் பார்த்து ஆடுங்கள்” என்றதும் திணறிப்போகிறார்கள். தன்னையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்தவர் கை தெரிவதில்லை.

இது கூடி ஆடும் ஆட்டம். அசைவுகளை வரிசையாக மனப்பாடம் செய்து ஆடுவது கிடையாது. அடுத்து என்ன என்பதை மேடையில், அந்த நொடியில் ஒருவர் முடிவு செய்கிறார். அவர் இடது முன் ஓரத்தில் நிற்பார். மற்றவர்கள் அவருக்கு வலப்பக்கம், சற்றுப் பின்தள்ளி. எல்லோர் உடம்பும் இடது மூலையை நோக்கி லேசாகத் திரும்பியிருக்கும். அப்போதுதான் முன்னவர் கை உயர்த்துவதும் இடுப்பைத் திருப்புவதும் பின்னவருக்குத் தெரியும். புதியவர்கள் பார்வையாளர்களை நோக்கி நேராகத் திரும்பிவிடுவார்கள். அங்கேயே முன்னவர் காட்டும் குறிப்பு தவறிவிடும்.

முன்னால் நிற்கும் முறை வரும்போது இன்னொரு தவறு: தெரிந்ததையெல்லாம் காட்டும் அவசரம். ஓர் அசைவைப் பின்னவர் பிடித்துக்கொள்வதற்குள் அடுத்ததற்குத் தாவுகிறார்கள். மூன்றே அசைவு தெரிந்தாலும் போதும், ஒவ்வொன்றையும் நிதானமாகத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பின்னால் வருகிறவர் உங்களோடு சேர்ந்துவிட்டார் என்பது எல்லோர் விரலிலும் உள்ள ஸில் தாளங்களின் சத்தம் ஒன்றாகக் கேட்பதிலேயே தெரியும்.

ஸில் என்பது விரலில் மாட்டும் சின்னத் தாளம். நம் ஜால்ராவின் தங்கை என்று சொல்லலாம். கைக்கு இரண்டு, கட்டை விரலிலும் நடு விரலிலும். ‘உடம்பு வசப்படட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதம் வெறுங்கையோடு ஆடிவிட்டு மாட்டினால் கால் குழம்பும். முதல் வாரமே வலது-இடது-வலது என்று தட்டிக்கொண்டே கூடத்தில் நடந்து பழகுங்கள். எலாஸ்டிக் நகத்தின் அடியை ஒட்டி இறுக்கமாக இருக்கட்டும். தளர்ந்தால் ஸில் சுழன்றுவிடும்.

முழங்காலைப் பூட்டி நிற்பதும் முதுகின் கீழ்ப்பகுதியை வளைப்பதும்தான் இடுப்பு வலிக்கு வழி. முழங்கால் தளர்வாக, நெஞ்சு உயர்ந்து, பாதங்கள் இணையாக இருக்க வேண்டும். பரதம் கற்றவர்களுக்கு அரைமண்டிப் பழக்கத்தில் முழங்கால் தானாக வெளியே திரும்பும். கொஞ்ச நாள் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏதோ ஒரு பழங்குடியின் பழைய நடனம் என்று பிறரிடம் சொல்லிவிடாதீர்கள். கலிபோர்னியாவில் ஜமீலா சலிம்பூர் 1960-களின் இறுதியில் தொடங்கிய பால் அனாத் குழுவில் இதன் வேர் இருக்கிறது. அவரிடம் பயின்ற மாஷா ஆர்ச்சரின் மாணவி கரோலீனா நெரிச்சியோ, 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபேட்சான்ஸ்பெல்லிடான்ஸ் குழுவைத் தொடங்கி, இன்று நாம் கற்கும் வடிவத்தைக் கொடுத்தார். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா, இந்தியா, ஸ்பெயினின் ஃபிளமென்கோ எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. நாம் அணியும் சோளி என்னும் ரவிக்கை இந்தியாவுடையது. கூச்சி நகைகள் ஆப்கானிய நாடோடி மக்களுடையவை. யாருடையது என்று தெரிந்து அணிவது அவர்களுக்கு நாம் தரும் மரியாதை.

உடைக்கு அவசரமே வேண்டாம். விளிம்புச் சுற்று 25 கஜம் வரும் பாவாடையை முதல் மாதமே வாங்கினால் பாதம் அதற்குள் மறைந்துவிடும், தவறு யார் கண்ணிலும் படாது. லெகிங்ஸும் இடுப்பில் கட்ட ஒரு துப்பட்டாவும் இப்போதைக்குப் போதும்.