கத்தோலிக்கம் என்றால் ஆர்.சி. மட்டும்தானா?

விசுவாச அறிக்கையில், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோவிலில் 'புனித கத்தோலிக்க திருஅவையை நம்புகிறேன்' என்று சொல்லும் இடத்தில், புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோவிலில் 'பரிசுத்தமாயிருக்கிற பொதுவான சபையும்' என்று சொல்வார்கள். 'கத்தோலிக்க', 'பொதுவான' இரண்டும் மூலத்தில் ஒரே சொல்தான். இது தெரியாமல் சி.எஸ்.ஐ.யின் ஆங்கில ஆராதனைக்குப் போய், 'கேத்தலிக் சர்ச்' என்ற வரி வந்ததும் 'நாம எப்போ ஆர்.சி. ஆனோம்?' என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பவர்கள் உண்டு.

கிரேக்கத்தில் 'கத்தோலிகோஸ்' என்றால் முழுமைக்கும் உரியது, பொதுவானது. ரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்மிர்னா சபைக்கு எழுதிய கடிதத்திலேயே 'கத்தோலிக்க சபை' என்ற தொடர் இருக்கிறது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற பிரிவெல்லாம் வர இன்னும் 1,400 வருஷம் கிடக்கிறது. போப்பாண்டவரின் கீழ் வராத கீழைச் சபையினரான ஆர்த்தடாக்ஸ்காரர்களும் 'ஏக, பரிசுத்த, கத்தோலிக்க, அப்போஸ்தலிக்க சபை' என்றுதான் இன்றுவரை அறிக்கையிடுகிறார்கள்.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. கத்தோலிக்கம் என்றால் உலகளாவியது, அதாவது நிறைய நாடுகளில் கிளை இருப்பது என்று முடித்துவிடுகிறோம். அப்படிப் பார்த்தால் குளிர்பானக் கம்பெனியும் கத்தோலிக்கம்தான்! 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், ஞானஸ்நானத்துக்குத் தயாரானவர்களுக்கு இதை விளக்கும்போது, உலகெங்கும் பரவியிருப்பதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. போதனையில் எதையும் விடாமல் முழுசாகக் கற்பிப்பது, ஆள்பவர் ஆளப்படுபவர், படித்தவர் படிக்காதவர் என்று எல்லோரையும் சேர்ப்பது, எல்லாவிதப் பாவத்துக்கும் மருந்தாவது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பரப்பளவு அதில் ஒரு பங்குதான். எனக்கு 'உலகளாவிய' என்பதைவிடப் பழைய 'பொதுவான' பிடிப்பதற்கு அதுதான் காரணம், ஆனால் அதிலும் 'முழுமை' விழவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம், கத்தோலிக்கர் எல்லோரும் லத்தீன் முறையினர், அதாவது ரோமாபுரியின் வழிபாட்டு முறையைப் பின்பற்றுபவர்கள் என்று நினைக்காதீர்கள். கேரளத்தின் சீரோ மலபார், சீரோ மலங்கரா சபைகள் போப்பாண்டவரோடு ஒன்றித்திருந்தாலும் வழிபாட்டு முறை வேறு. அதே கேரளத்தில் 'கத்தோலிக்கா பாவா' என்று பேப்பரில் பார்த்துவிட்டுக் கத்தோலிக்க ஆயர் என்று எழுதிவிடாதீர்கள், பெரும்பாலும் அவர் மலங்கரா ஆர்த்தடாக்ஸ் அல்லது யாக்கோபாய சபையின் தலைவர்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று: ஆங்கிலத்தில் ஒருவருக்கு 'கேத்தலிக் டேஸ்ட்' என்றால் அவர் கர்நாடக சங்கீதமும் கேட்பார், கானா பாட்டும் கேட்பார் என்று அர்த்தம். 'கத்தோலிக்க ரசனை' என்று போட்டால் அவரை ஞாயிறு பூசைக்கு அனுப்பிவிடுவீர்கள்.