மொடல் பிளேனில பொருத்துக் கோடு தெரியுதோ? இந்தப் பிழையளை விடாதேங்கோ

மொடல் பிளேன் கட்டத் தொடங்கின பெடியள் கனபேர் கேக்கிற கேள்வி ஒண்டுதான், "அண்ணை, புட்டி எல்லாம் வடிவாப் பூசித்தானே பெயின்ற் அடிச்சனான், பிறகும் ஏன் முதுகில கோடு தெரியுது?" அது பிளேன் உடம்பின்ர ரெண்டு பாதியையும் ஒட்டின இடத்துக் கோடு, புட்டி எண்டது அந்த இடைவெளியை அடைக்கிற களி. முக்கால்வாசிப் பேர் விடுற பிழை, பசை காய முதலே உரஞ்சத் தொடங்கிறது.

துண்டு துண்டா வாற இந்தப் பிளாஸ்ரிக் கிற்றுகளுக்குப் பாவிக்கிற தண்ணி மாதிரிப் பசை பிளாஸ்ரிக்கையே இளக்கித்தான் ஒட்டும். ரெண்டு பாதியையும் மெல்லமா அமத்தினால் இளகின பிளாஸ்ரிக் நூல் மாதிரி வெளிய பிதுங்கி வரும், அதைத் துடைக்காதேங்கோ, அதைவிட நல்ல புட்டி கிடையாது. ஆனா ரெண்டு நாளாவது அப்பிடியே விடோணும். ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில உரஞ்சினால் அப்ப சமனாத்தான் இருக்கும், உள்ளுக்க பிளாஸ்ரிக் இன்னும் இளக்கமாக் கிடக்கும், அது காயக் காயச் சுருங்கிப் பள்ளம் விழும், அதுவும் பெயின்ற் அடிச்ச பிறகு.

1947 டிசம்பர் 10ல இலங்கையின்ர பழைய விமானக் கொம்பனி எயார் சிலோன்ர முதல் பறப்பு இரத்மலானையில இருந்து காங்கேசன்துறை வழியா மெட்ராஸ் போனது டக்கோட்டா எண்ட ரெண்டு எஞ்சின் பிளேனிலதான். அந்த ஆசையில 1/72 அளவில, எண்டால் உண்மையான பிளேனில 72ல ஒரு பங்கு அளவில, ஒண்டு கட்டினன், செட்டை மட்டும் நுனிக்கு நுனி 40 சென்ரிமீற்றர் வரும். ஒட்டின அண்டைக்குப் பின்னேரமே உரஞ்சி வெள்ளிக் கலரும் அடிச்சன். ஒரு கிழமையில மூக்கில இருந்து வால் மட்டும் பென்சிலால கீறினமாதிரி ஒரு வாய்க்கால். வெள்ளிக் கலர் ஒண்டையும் மறைக்காது.

கெதியாக் காயட்டும் எண்டு ஒடியல் போடுறமாதிரி முத்தத்து வெய்யில்ல வைக்கிறதும் வேண்டாம். புட்டி மேல தோல் கட்டி உள்ளுக்கு ஈரமாவே நிக்கும், மெல்லிய செட்டை நெளியவும் பாக்கும். ரியூப்பில வாற புட்டி காயேக்க சுருங்கும், அதால ஒரேயடியா அப்பாமல் மெல்லிசா ரெண்டு மூண்டு தரம் பூசுங்கோ. சுப்பர் குளூவால இடைவெளி அடைக்கிறவைக்குக் கதை மாறி, அதைக் காய்ஞ்ச கையோட உரஞ்சிப்போடோணும். இரவிரவா விட்டால் பிளாஸ்ரிக்கைவிட இறுகிப்போம், பிறகு உரஞ்சேக்க பக்கத்துப் பிளாஸ்ரிக்தான் தேயும், குளூ வரம்பு மாதிரி எழும்பி நிக்கும். மிஞ்சின புட்டியைத் துடைக்க நெயில் பொலிஷ் ரிமூவர் எடுக்கிறதெண்டால் அசிற்றோன் இல்லாததாப் பாத்து வாங்குங்கோ, அசிற்றோன் பிளாஸ்ரிக்கைக் கரைச்சுப்போடும்.

மற்றது, உருண்டை உடம்பைத் தட்டையாக்கிறது. மரக்கட்டையில வோட்டர் பேப்பரை, அதுதான் நனைச்சு உரஞ்சிற தாளை, சுத்தி நீட்டுக்கு இழுத்தால் முதுகு பலகை மாதிரி வந்திடும், அதுக்குப் பிறகு ஒண்டும் செய்யேலாது. பேப்பரை விரல் அகலத்துக்கு வெட்டி, தண்ணியில நனைச்சு, சப்பாத்துப் பொலிஷ் பண்ணிறமாதிரி வளைவோட குறுக்க இழுங்கோ. பேப்பர் நம்பர் 400ல தொடங்கி 600, 800, 1000, நம்பர் கூடக் கூட பேப்பர் நைசா இருக்கும். தண்ணிக்க ஒரு துளி கோப்பை கழுவுற சோப் விட்டால் பேப்பர் அடைபடாது, தூசும் மூக்குக்க போகாது. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மாஸ்கிங் ரேப் ஒட்டினால் பக்கத்தில தகடு பொருந்தின மாதிரிச் செதுக்கின கோடுகள் அழியாது.

கண்ணை நம்பி பெயின்ற் அடிக்காதேங்கோ. 1/72ல 0.1 மில்லிமீற்றர் பள்ளம் எண்டால் உண்மையான பிளேனில 7 மில்லிமீற்றருக்கும் மேல. நகத்தால குறுக்க வருடிப் பாருங்கோ, தட்டுப்பட்டால் இன்னும் வேலை கிடக்கு. பிறகு பெயின்ற்றுக்கு முதல் அடிக்கிற சாம்பல் பிரைமர் மெல்லிசா அடிச்சு, இரவில லைற்றை அணைச்சுப்போட்டு ரோச்சைப் பக்கவாட்டில சாய்ச்சுப் பிடியுங்கோ, ஒளிச்சிருந்த கோடெல்லாம் நிழலாத் தெரியும். தெரியிற இடத்தை மட்டும் நிரப்பி, காய விட்டு, உரஞ்சி, திரும்பப் பிரைமர். என்ர டக்கோட்டாவைத் திரும்பச் செய்யேக்க மூண்டாந்தரம் அடிச்ச பிரைமரிலதான் முதுகு சுத்தமா வந்தது.